அம்மாவ கூட்டிக்கிட்டு நியூ கலிடோனியாவுக்கு

நேத்து பதுளைல இருந்து வாற பஸ்ல எங்க மேல்லயத்து சின்னம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க, உக்காந்த ஒடனே கேட்டாங்க, “ஏ புள்ள, அம்மாவுக்கு பாஸ்போட் எடுக்கிறீங்களாமே, இந்த வயசுல எந்த நாட்டுக்கு வேலைக்கு அனுப்புறீங்க?” வேலைக்கு இல்ல சின்னம்மான்னேன். “அப்ப இந்தியாவுக்கு, கோயிலுக்கா?” அதுவும் இல்லன்னேன். சும்மா பாக்கத்தான் போறோம், ஒரு தீவு, கடல், நானும் அம்மாவும் தம்பியும் பத்து நாளுன்னு சொன்னதும் அவங்க ஒன்னுமே பேசல. பசறை வர மட்டும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாங்க. நான் எறங்குறப்பதான் கைய புடிச்சி “கூட்டிக்கிட்டு போ புள்ள, அவ எங்க போயிருக்கா”ன்னாங்க. அந்த வார்த்த ராத்திரி முழுக்க மனசுலயே நின்னுச்சி, அதான் இன்னக்கி லீவு நாள்ல ஒக்காந்து இத எழுதுறேன்.

அம்மா 34 வருசம் கொழுந்து பறிச்சவங்க. மடுல்சீமை பக்கம் ஒரே தோட்டம், ஒரே மலை, காலைல பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு போனா அந்தி வரைக்கும். போன வருசம்தான் ஓய்வு எடுத்தாங்க. இத்தன வருசத்துல அவங்க போன தூரம்னு பாத்தா கதிர்காமம் மூணு தடவ, திருக்கோணமலை ஒரு தடவ, அப்பறம் தோட்டத்துல எல்லாரும் சேந்து பஸ் புடிச்சி பொத்துவிலுக்கு போனது ஒரு தடவ. அந்த பொத்துவில் கதைய அம்மா இன்னும் சொல்லுவாங்க, சீலைய ஒரு சாண் தூக்கிக்கிட்டு தண்ணில நின்னாங்களாம், அலை வந்து இழுத்ததும் பயந்து ஓடிட்டாங்களாம், அதுக்கப்பறம் மணல்ல ஒக்காந்தே பாத்தாங்களாம், பஸ்காரர் ஹோன் அடிக்கிற வரைக்கும். “இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்”னு சொல்றப்ப அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிரும். அந்த இன்னும் கொஞ்ச நேரத்த எப்படியாவது குடுக்கனும்னு நானும் தம்பியும் ரொம்ப நாளா பேசிக்கிட்டு இருந்தோம்.

சரி கடல் பாக்கனும்னா நம்ம நாட்டுலயே சுத்தி கடல்தானே, எதுக்கு பசுபிக் நடுவுல இருக்கிற ஒரு பிரெஞ்சு தீவுன்னு எல்லாரும் கேக்கிறாங்க. தம்பியும் மொதல்ல மாலைதீவு, தாய்லாந்துன்னுதான் சொன்னான். நியூ கலிடோனியாங்கிற பேர எங்க வீட்டுக்குள்ள கொண்டு வந்தது ஒரு போத்தல் அச்சாறு.

நான் எல்ல பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேல செய்றேன். பிரான்ஸ்ல இருந்து வாற ஆக்கள் எங்களுக்கு அதிகம், அதனால கண்டிக்கு போயி போயி பிரெஞ்சு படிச்சேன், இப்ப ஓரளவுக்கு நல்லாவே பேசுவேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு வயசான அம்மா வந்தாங்க, ரிட்டயர் ஆன டீச்சர், பாஸ்போட் பிரெஞ்சு, ஆனா ஊரு நூமியான்னாங்க, நியூ கலிடோனியாவோட தலைநகரம். ராத்திரி சாப்பாட்டுக்கு சோறு, பருப்பு, முருங்கக்காய் கறி, அம்மா போட்டு குடுத்த அச்சாறு வச்சேன். அவங்க அந்த அச்சாற பாத்ததும் “அஷார்!”னு சத்தமா சொன்னாங்க. நான் திகைச்சி போயிட்டேன். அவங்க ஊர்லயும் அதுக்கு பேரு அதானாம், கரட்டு, கோவா, மொளகா எல்லாம் வெட்டி மஞ்சள் போட்டு வினாகிரில ஊற வைக்கிறது. யாரு ஒங்களுக்கு சொல்லி குடுத்தான்னு கேட்டேன். பாட்டின்னாங்க. பாட்டி யாருன்னு கேட்டேன். “மலபார்”னாங்க.

அந்த ராத்திரி நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். அதுக்கப்பறம் நானே தேடி தேடி படிச்சதுல தெரிஞ்சத சுருக்கமா சொல்றேன், ஏன்னா நம்ம ஆக்கள்ல நெறைய பேருக்கு இது தெரியாது. இந்து சமுத்திரத்துல இருக்கிற ரீயூனியன்ங்கிற பிரெஞ்சு தீவுல 1848ல அடிமை முறைய நிப்பாட்டினதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால், மெட்ராஸ் பக்கம் இருந்து ஒப்பந்தத்துல ஆக்கள ஏத்திக்கிட்டு போனாங்க. அதுல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி தமிழ் ஆக்கள். அங்க அவங்கள மலபார்னுதான் கூப்பிட்டாங்க, நம்ம நாட்டு பழைய ரெக்கோட்லயும் வெள்ளக்காரன் தமிழன மலபார்னுதானே எழுதி வச்சிருக்கான், அதே சொல்லு. அப்பறம் 1860கள்ல ரீயூனியன்ல கரும்பு நட்டப்பட ஆரம்பிச்சதும் அந்த தொரைமார்ல கொஞ்ச பேரு, பிரான்ஸ் புதுசா புடிச்ச நியூ கலிடோனியாவுக்கு கரும்பு போடலாம்னு கெளம்பினாங்க, போறப்ப தங்க கிட்ட இருந்த மலபார் வேலையாக்களையும் கூட்டிக்கிட்டே போனாங்க. இந்து சமுத்திரத்துல இருந்து பசுபிக் வரைக்கும்! நம்ம பாட்டன் பூட்டன் ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு வந்து அங்கருந்து மாத்தளைக்கு நடந்தாங்க, 2023ல நம்ம ஆக்கள் வந்து 200 வருசம் ஆனத நெனச்சி தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்ம சனங்க திரும்ப நடந்தப்ப நானும் கடைசி ரெண்டு நாள் நடந்தேன், கால் கொப்பளிச்சிருச்சி. ஆனா அதே கிராமங்கள்ல இருந்து கப்பல் ஏறின இன்னொரு கூட்டம் ரெண்டு சமுத்திரம் தாண்டி போயிருக்குன்னு அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு தெரியும்.

அங்க கரும்பு நெலைக்கல, வெட்டுக்கிளி வந்து தின்னுட்டு போயிருச்சி. நம்ம பக்கம் காப்பிய பூஞ்சை தின்னுச்சி, 1869ல அந்த காப்பித் துரு நோய மொத மொத கண்டது எங்க மடுல்சீமைலதான்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், அப்பறம் எழுத்துலயும் பாத்தேன். காப்பி செத்து தேயிலை வந்துச்சி. பயிரு மாறினாலும் நம்ம சனம் அதே லயத்துலதான் இருந்துச்சி.

இன்னொன்னு. கலிடோனியான்னா ஸ்கொட்லாந்துக்கு பழைய பேராம், 1774ல கெப்டன் குக் அந்த தீவ கண்டப்ப ஸ்கொட்லாந்து ஞாபகம் வந்து அந்த பேர வச்சானாம். நம்ம தோட்டங்களோட பேரு எல்லாம் யோசிச்சி பாருங்க, தலவாக்கலைல ஹோலிரூட், அக்கரப்பத்தனைல பெல்மோரல், டிக்கோயாவுல டன்கெல்ட், எல்லாம் ஸ்கொட்லாந்து பேருதான். மொத தேயிலைய 1867ல லூல்கந்துரைல போட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்த ஊர்க்காரர்தான். வெள்ளக்காரனுக்கு ஊரு ஞாபகம் வந்தா நம்ம மலைக்கு பேரு மாறிரும். அந்த தீவுல ஆயிரக்கணக்கான வருசமா இருக்கிற கனாக் சனங்களுக்கும் அதேதான் நடந்திருக்கு.

அந்த கனாக் சனங்கள பத்தி படிச்சப்பதான் இது வெறும் டூரா இருக்க முடியாதுன்னு தோனுச்சி. 1853 செப்டெம்பர் 24ல பிரான்ஸ் கொடி ஏத்திச்சி. 1864ல இருந்து 1897 வரைக்கும் பிரான்ஸ்ல தண்டன வாங்கினவங்கள 20 ஆயிரத்துக்கு மேல அங்க கொண்டு போயி எறக்கினாங்க, 1871ல பாரிஸ்ல கிளர்ச்சி பண்ணினவங்கள்ல ஏறக்குறைய 4000 பேரும் அதுக்கு மேல. காணி எல்லாம் போனதும் 1878ல அத்தாய்ங்கிற தலைவரோட கனாக் சனங்க எழும்பினாங்க, அவர கொன்னுட்டாங்க. அதுக்கப்பறம் 1946 வரைக்கும் கனாக் ஆக்கள் அவங்களுக்கு ஒதுக்கின எடத்த விட்டு அனுமதி இல்லாம வெளிய போக முடியாது. இத வாசிச்சதும் எனக்கு ஒடனே நம்ம ‘துண்டு’ முறைதான் ஞாபகம் வந்துச்சி, தொரை துண்டு குடுக்காம வேற தோட்டத்துக்கு போக முடியாம நம்ம ஆக்கள் கெடந்தது, 1921லதானே அத எடுத்தாங்க.

அப்பறம் அந்த தீவுல நிக்கல் சுரங்கத்துக்கு ஆள் வேணும்னு ஜாவால இருந்து, வியட்நாம்ல இருந்து, ஜப்பான்ல இருந்தெல்லாம் கொண்டாந்தாங்க. அதுல வியட்நாம் ஆக்கள்ல பெரும்பாலானவங்கள 1960களோட தொடக்கத்துல கப்பல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நேரத்துலதான், 1964ல, இலங்கையும் இந்தியாவும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு நம்ம ஆக்கள்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர இங்கன்னு கோழிக்குஞ்சு மாதிரி எண்ணி பிரிச்சாங்க. எங்க அம்மாயியோட கூடப்பொறந்தவங்க மூணு பேரு அப்படி போனவங்கதான், அதுல ஒருத்தர்கிட்ட இருந்து கடைசி கடுதாசி வந்தது நான் பொறக்கிறதுக்கு முன்ன.

செப்டெம்பர் 24 இப்ப அங்க பிரஜாவுரிமை நாள்னு லீவு. கனாக் ஆக்களுக்கு அது துக்க நாளா இருந்துச்சி, எல்லா சனமும் சேந்து நிக்கிற நாளா மாத்த பாக்கிறாங்க. 1948ல பிரஜாவுரிமை பறிபோன குடும்பத்துல பொறந்தவ நான், அந்த நாள்ல நான் நூமியாவுல நிக்கனும்னு முடிவு பண்ணிட்டேன். டிக்கட் தேதி எல்லாம் அத வச்சித்தான் பாக்கிறோம்.

தேதி விசயத்துல இன்னும் காரணம் இருக்கு. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க புயல் காலம், டிசம்பர் ஜனவரி நல்ல சூடு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அவங்களுக்கு குளிர்காலம், அந்த குளிருன்னு சொல்றது 20 பாகைக்கு கிட்ட, மடுல்சீமைல கம்பிளி போத்திக்கிட்டு தை மாசம் நிக்கிறவங்களுக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்ல. செப்டெம்பர்னா மழையும் கொறைவு, கடலும் தெளிவு, தெக்கு பக்கம் ஜூலைல இருந்து வாற கூன் திமிங்கிலங்கள்ல கடைசி கொஞ்சம் இன்னும் நிக்கும். எங்க கெஸ்ட் ஹவுஸ்லயும் ஆகஸ்ட் சீசன் முடிஞ்சிரும், லீவு கேக்கலாம். அம்மாவுக்கும் அதான் சரி. ஐப்பசி கார்த்திகைல வீட்ட விட்டு வர மாட்டேன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. 2014 அக்டோபர் 29ல கொஸ்லாந்தை மீரியபெத்தைல மண்ணு சரிஞ்சி லயமே மூடினதுல இருந்து அந்த மாசங்கள்ல மழ பெஞ்சா அம்மா ராத்திரி தூங்குறதில்ல, லயத்துக்கு மேல மண்ண டோர்ச் அடிச்சி பாத்துக்கிட்டே இருப்பாங்க. மழைக்கு முன்ன போயி மழைக்கு முன்ன வந்துரனும்னு கண்டிசன்.

இனி போற வழி. கொழும்புல இருந்து சிட்னிக்கு நேர பிளைட் இருக்கு, பத்தர மணித்தியாலம் மாதிரி. சிட்னில இருந்து நூமியாவுக்கு மூணு மணித்தியாலம். நேரம் நம்மள விட அஞ்சர மணித்தியாலம் முன்ன. ஏர்போட் தொந்தூத்தாங்கிற எடத்துல, டவுன்ல இருந்து 45 கிலோமீட்டருக்கு மேல, அதனால பஸ்ஸோ வேனோ முன்னுக்கே பேசி வைக்கனும்.

விசா விசயத்துலதான் நெறைய பேரு ஏமாறுவாங்க போல, நல்லா கேட்டுக்கோங்க. நியூ கலிடோனியா பிரான்சுக்கு சொந்தம்னாலும் ஐரோப்பாவுக்கு எடுக்கிற ஷெங்கன் விசா அங்க செல்லாது. பிரான்ஸ் விசாதான், ஆனா நியூ கலிடோனியாவுக்குன்னு தனியா விண்ணப்பிக்கனும். போக்குவரத்து டிக்கட் புக்கிங், தங்குற எடம், காப்புறுதி, பேங்க் கணக்கு, வேல எடத்து கடிதம் எல்லாம் வேணும். அது போதாதுன்னு சிட்னில பிளைட் மாறுறதுக்கு இலங்கை பாஸ்போட்காரங்களுக்கு அவுஸ்திரேலியா டிரான்சிட் விசா வேணும், அதுக்கு காசு இல்ல, 72 மணித்தியாலத்துக்கு உள்ள இருக்கலாம். இத எடுக்காம போனா கட்டுநாயக்காலயே ஏத்த மாட்டாங்க. டிக்கட்டுக்கு முழுக்காசு கட்ட முன்ன ரெண்டு விசாவையும் யோசிச்சிக்கனும்.

எங்களுக்கு அதுக்கும் முன்னால ஒரு மலை இருந்துச்சி. அம்மாவோட பொறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, அடையாள அட்டைல வேற எழுத்து, கல்யாண சான்றிதழ்ல மூணாவது ஒன்னு. தோட்டத்துல பொறந்த பிள்ளைக்கு அப்ப யாரோ காதுல விழுந்தத விழுந்த மாதிரி எழுதி வச்சிருக்காங்க, பொறந்த தேதியும் ஆறு மாசம் முன்ன பின்ன. இத படிக்கிற மலையக ஆக்களுக்கு நான் வெளங்கப்படுத்த வேண்டியதில்ல, ஒவ்வொரு வீட்டுலயும் இந்த கத இருக்கு. சத்தியக்கடதாசி, கிராம சேவகர், பழைய தோட்டத்து செக்ரோல் (வேல, சம்பளம் பதியிற) புத்தகம், பள்ளிக்கூட இடாப்புன்னு எட்டு மாசம் அலைஞ்சோம். ஒரு கந்தோர்ல ஒருத்தர் அம்மாவ பாத்து “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்”னு கேட்டார். அம்மா ஒன்னும் சொல்லல, வெளிய வந்து எங்கிட்ட “வேணாம் புள்ள, விட்டுரு”ன்னாங்க. அன்னக்கி எனக்கு வந்த கோவத்த இப்பவும் அடக்க முடியல. ஒரு மனுசி தன்னோட சொந்த பேர சரியா எழுத சொல்லி கேக்கிறதுக்கு வயசு என்ன வயசு? மூணாவது தடவ போனப்ப அதே எடத்துல ஒரு சிங்கள நங்கி, சின்னப் பிள்ளதான், எல்லாத்தையும் தேடி எடுத்து ஒரே நாள்ல முடிச்சி குடுத்துச்சி. அது நல்லா இருக்கனும்.

சல்லி எப்படின்னு கேப்பீங்க. அங்க எல்லாம் வெல கூடின ஊரு, அத மறைச்சி பிரயோசனம் இல்ல. அவங்க காசு பசுபிக் பிராங்க், யூரோவோட கட்டி வச்சிருக்கு, ஒரு யூரோவுக்கு 119.33 பிராங்க், மாறவே மாறாது, நம்ம காசுல ஒரு பிராங்க் இப்போதைக்கு ஏறக்குறைய 3 ரூவான்னு வச்சி கணக்கு பாக்கிறோம். தம்பி கொழும்புல வேல, அவன் மாசம் ஒரு பங்கு, நான் சம்பளத்துல ஒரு பங்கு, அப்பறம் வெள்ளக்காரங்க குடுக்கிற டிப்ஸ் முழுக்க தனி டின்ல, ரெண்டு சீட்டு வேற கட்டினோம். மூணு வருசமா இப்படி. அம்மா தன்னோட ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுல எடுங்கன்னு நின்னாங்க, தொடவே மாட்டோம்னு நாங்க நின்னோம். அந்தக் காசு அவங்க முதுகுல கூடைய கட்டிக்கிட்டு அட்டைக்கடில சேத்தது, அது அவங்க மருந்துக்கும் வீட்டுக்கும்தான்.

அந்த நூமியா அம்மா தங்க வீட்டுலயே நாலு நாள் நிக்க சொல்றாங்க, மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காங்க. மிச்சம் ஐல் தே பான், அதாவது பைன் மரத் தீவுல மூணு நாள், அப்பறம் மேக்கு கரைல பூராய் பக்கம். பைன் மரத் தீவுக்கு கப்பல்லயும் போகலாம், ரெண்டர மணித்தியாலம் மாதிரி, குட்டி பிளேன்லயும் போகலாம். அம்மாவுக்கு கப்பல் ஏறனும்னு ஆச, நம்ம ஆக்கள் வந்த மாதிரி ஒரு தடவ போயி பாக்கனுமாம். அங்க இருக்கிற மரம் அரோக்கேரியா, ஒசரமா ஊசி மாதிரி நிக்கும், நம்ம தொரை பங்களா வாசல்ல நிக்கிற அந்த சாதி மரந்தான், போட்டோவ காட்டினதும் அம்மா “இது பங்களா மரமில்ல?”ன்னாங்க. அங்க அது யாரு பங்களா வாசல்லயும் இல்ல, கடற்கரை முழுக்க தானா மொளச்சி நிக்குது.

அங்க ஓரோன்னு ஒரு குடா, பாறைகளுக்கு உள்ள கடல் தண்ணி வந்து தேங்கி கண்ணாடி மாதிரி நிக்குமாம், இடுப்பளவு தண்ணில மீன் கால சுத்தும். இந்த எடத்துக்காகத்தான் நான் மத்த தீவ எல்லாம் விட்டேன். ஏன்னு சொல்றேன். நியூ கலிடோனியாவ சுத்தி 1600 கிலோமீட்டருக்கு பவளப்பாறை அணை கட்டின மாதிரி நிக்குது, பெரிய அலை எல்லாம் தூரத்துல அந்த பாறைலயே மோதி ஒடைஞ்சிரும், உள்ள தண்ணி குளம் மாதிரி. 2008ல யுனெஸ்கோவும் அத உலக மரபுரிமைல சேத்துச்சி. பொத்துவில்ல அலைக்கு பயந்து ஓடின மனுசிக்கு அலை இல்லாத கடல் வேணும். எனக்கு நிக்கலும் தெரியாது பிரெஞ்சு அரசியலும் தெரியாதுன்னு வச்சிக்கிட்டாலும் இந்த ஒன்னுக்காகவே நான் அங்கதான் போயிருப்பேன்.

நூமியாவுல அமெதே கலங்கரை விளக்கம்னு ஒன்னு, ஒரு சின்னத் தீவுல, பாரிஸ்ல இரும்புல செஞ்சி துண்டு துண்டா கழட்டி கப்பல்ல கொண்டாந்து 1865ல பத்த வச்சது, 56 மீட்டர் ஒசரம், 247 படி. தம்பி ஏறுவான், அம்மாவோட முழங்காலுக்கு சரிவராது, நாங்க கீழ மணல்ல. ஜான் மரி ஜிபாவு பேர்ல இருக்கிற கலாசார நெலையத்துக்கு ஒரு முழு நாள் வச்சிருக்கேன். கனாக் சனங்களோட பெரிய தலைவர் அவரு, 1989ல சுட்டு கொன்னுட்டாங்க. ரென்சோ பியானோங்கிற இத்தாலிக்காரர் கனாக் குடிசை மாதிரியே மரத்தால பெருசு பெருசா கட்டியிருக்கார், 1998ல தொறந்தது.

ஒரு விசயம் என் மனசுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. கனாக் கிராமத்துக்கு போனா ‘கூத்தும்’னு ஒரு மொற செய்யனும், வழக்கம்னு அர்த்தம். ஒரு துணி, கொஞ்சம் காசு வச்சி பெரியவங்க முன்னால குடுத்து, நான் யாரு, எங்கருந்து வாறேன், எதுக்கு வந்திருக்கேன்னு ரெண்டு வார்த்த சொல்லனும். அவங்க ஏத்துக்கிட்டா அந்த மண்ணுல நடக்கலாம். அம்மாகிட்ட சொன்னேன், “அப்ப வெத்தல பாக்கு வச்சி கேக்கிற மாதிரிதானே”ன்னு ஒடனே புடிச்சிக்கிட்டாங்க. வெத்தல எல்லாம் கொண்டு போக முடியாது, பச்ச எல, வெத, மண்ணு, பழம் எதுவும் விட மாட்டாங்க, அம்மா கட்டி வச்சிருந்த கறிவேப்பில கன்னையும் நான் திரும்ப எறக்கி வச்சிட்டேன். அதுக்கு பதிலா பதுளைல நல்ல கைத்தறி துணி நாலு வாங்கி வச்சிருக்கோம். கடைல சீல் பண்ணின தேயிலை பேக்கட்டும் கொண்டு போறோம், ஏர்போட்ல காட்டிட்டுத்தான் எடுத்துக்கிட்டு போகனும். யாரு, எங்கருந்துன்னு சொல்ற அந்த ரெண்டு வார்த்தைய அம்மாதான் தமிழ்ல சொல்லுவாங்க, நான் பிரெஞ்சுல சொல்லுவேன். என்ன சொல்லனும்னு அம்மா இப்பவே யோசிக்கிறாங்க, ராத்திரி வெளக்க நூத்துட்டு படுத்தப்பறம் இருட்டுல சொல்லி சொல்லி பாக்கிறாங்க, எனக்கு கேக்கும், கேக்காத மாதிரி படுத்திருப்பேன்.

அங்க அவங்களுக்கு வள்ளிக்கிழங்குதான் சாமி மாதிரி, வருசக் கணக்கே அந்த கிழங்கு நடுறதையும் தோண்டுறதையும் வச்சித்தான். நம்ம இராசவள்ளியும் அதே எனந்தான். கிழங்கு, சேம்பு, வாழக்காய், கோழி இல்ல மீன், தேங்காப்பால் ஊத்தி வாழ எலைல கட்டி சுட்ட கல்லுல மூடி வேக வைப்பாங்க, பூஞான்னு பேரு. அம்மாவுக்கு அத தின்னு பாக்கிறத விட எப்படி கட்டுறாங்கன்னு பாக்கனும். தம்பிக்கு வேற ஆச, அங்க பொம்பளைங்க பூப்போட்ட தொளதொள கவுனு போட்டுக்கிட்டு கிரிக்கட் வெளையாடுவாங்களாம், பாதிரிமார் காலத்துல வந்த வெளையாட்டு, ஊருக்கு ஊரு டீம் இருக்காம், ஒரு மெச்சாவது பாத்துட்டுத்தான் வருவானாம்.

பயமா இல்லையான்னு கேக்கிறவங்களுக்கு. 2024 மே மாசம் அங்க பெரிய கலவரம் நடந்துச்சி, வாக்காளர் இடாப்ப விரிச்சி புதுசா வந்தவங்களுக்கும் வாக்கு குடுக்கிற சட்டத்த பிரான்ஸ் கொண்டாந்தப்ப, சொந்த மண்ணுல நாங்க கொறஞ்சி போயிருவோம்னு கனாக் சனங்க எழும்பினாங்க. ஆக்கள் செத்தாங்க, கடை எல்லாம் எரிஞ்சிச்சி, ஏர்போட்டும் பல நாள் மூடி கெடந்துச்சி. 2018, 2020, 2021ன்னு மூணு தடவ சுதந்திரத்துக்கு வாக்கெடுப்பு வச்சி மூணுலயும் பிரான்சோட இருக்கிற பக்கம்தான் வந்துச்சி, ஆனா கடைசில கனாக் சனங்கள்ல பெரும்பாலானவங்க வாக்கு போட போகல. நமக்கு இதுல ரெண்டு பக்கமும் வலிக்கும். காணி போன சனத்தோட பயமும் வெளங்குது, வந்து பல வருசமா இருக்கிறவனுக்கு வாக்கு இல்லன்னா எப்படி இருக்கும்னும் நமக்கு தெரியும், நம்ம தாத்தாமார் அப்படித்தான் இருந்தாங்க. நூமியா அம்மாகிட்ட கேட்டேன், அவங்க “வாங்க, ஆனா வந்து எல்லார்கிட்டயும் பேசுங்க, ஒரு பக்கம் மட்டும் பேசாதீங்க”ன்னு சொன்னாங்க. டிக்கட் எடுக்க முன்ன ஒரு தடவ, கெளம்ப முன்ன ஒரு தடவ நெலமைய பாத்துட்டுத்தான் போவோம்.

நேத்து ராத்திரி அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. அந்த கண்ணாடித் தண்ணில செருப்பு போட்டுக்கிட்டு எறங்கலாமா, இல்ல கோயில் கொளம் மாதிரி கழட்டனுமான்னு. நூமியாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டேன், அங்க விடிஞ்சிருச்சி போல, ஒடனே பதில் வந்துச்சி, பவளம் காலு வெட்டும், பிளாஸ்டிக் சப்பாத்து ஒன்னு கட்டாயம் வேணும், ஆனா பவளத்து மேல மட்டும் மிதிக்க வேணாம், அது உசிரு உள்ளதுன்னு. அம்மா அத ரெண்டு தடவ போட சொல்லி கேட்டாங்க. புதன்கிழம பாஸ்போட் போட்டோ எடுக்க பதுளைக்கு போறோம், அப்படியே பாட்டா கடைலயும் பாத்துட்டு வருவோம், அம்மாவோட காலு அஞ்சாம் நம்பர்.